கட்புல செவிப்புலத் தொழினுட்பக் கல்வியின் செலவும் வரவும்: திம்புள்ளப் பிரதேசத்தை நோக்கிய ஓர் ஆராய்ச்சி

கல்விக்குச் செலவாகும் பொருளைக் கணக்கிட்டுப் பார்த்தல் கல்வியின் பெருமைக்கு இழுக்காகும் என்று கருதுவோர் உளர். கல்விப் பயன் பொருளளவில் அடங்குவதன்று என்பது மெய்யே. ஆயினும், தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, கொட்டகலை, பத்தனை என மலைச்சரிவுகளிற் பரந்து கிடக்கும் திம்புள்ளத் தேயிலைப் பிரதேசத்தில், க.பொ.த. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியைச் சிறிதே தவறவிட்ட மாணவனொருவனின் இல்லத்தில் கல்வியின் பெருமை பற்றிய விவாதம் எழுவதில்லை. "எவ்வளவு முடியும்? படித்து முடித்தால் என்ன கிடைக்கும்?" என்னும் இரு வினாக்களே எழுகின்றன. தாய் கொழுந்து பறித்தும் தந்தை மலைவேலை செய்தும் ஈட்டிய பணத்தை எதில் இடுவது என்பதே அங்கு விடயம். அவ்வினாக்களைச் சிறுமையுடையன என ஒதுக்கிவிடுதல் கற்றவர்க்கு அழகன்று. அவற்றுக்குச் சரியான விடை காண்பதும் அத்துணை எளிதன்று.

இவ்வினாக்கள் எல்லாத் தொழிற்கல்விக்கும் பொதுவாயினும், ஈண்டு கட்புல செவிப்புலத் தொழினுட்பம் ஒன்றையே எடுத்துக்கொள்ளுதல் தகும். ஒலியையும் படத்தையும் கையாளும் இத்தொழிலின் கவர்ச்சி இளைஞரிடத்துப் பெரிது. அதன் வரவு செலவுக் கணக்கோ எளிதிற் பிழைபடக் கூடியது.

அமெரிக்க நாட்டில் இத்துறையில் இரண்டாண்டு கற்றோர்க்கு வழங்கப்படுவது இணைப்பட்டம் எனப்படும். 1901ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்து ஜோலியற் நகரில் தோன்றிய கனிட்ட கல்லூரியின் வழிவந்த சமுதாயக் கல்லூரிகளே இத்தகைய பட்டத்தைப் பெரும்பாலும் அளிக்கின்றன. 2024–25 கல்வியாண்டில் அரச சமுதாயக் கல்லூரிகள் தத்தம் பிரதேசத்து மாணவரிடம் அறவிட்ட கட்டணம் சராசரியாக ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,000 டொலர். ஒலிபரப்பு, ஒலி, ஒளிப்பட நுட்பவியலாளரின் ஆண்டு வருமான நடுப்பெறுமானமோ 2024 மே மாதத்தில் 56,600 டொலர் அளவினதாக இருந்தது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவன், இதனினும் ஆதாயமான வியாபாரம் உலகில் இல்லை என்று மயங்குவான். அந்த நடுப்பெறுமானத்துள் பட்டம் பெற்றோரும் பெறாதோரும் அடங்குவர். இருபதாண்டு அனுபவம் உடையோரும் அடங்குவர். அன்றியும், ஒலிபரப்பு நுட்பவியலாளருக்கே இணைப்பட்டம் வழமையான நுழைவுத் தகைமை எனவும், ஏனைய கட்புல செவிப்புல நுட்பவியலாளருக்குப் பட்டமல்லாத ஒரு தொழிற்சான்றிதழே போதியது எனவும் அந்நாட்டுத் தொழிற் புள்ளிவிபரத் திணைக்களம் வகுத்துள்ளது. பட்டம் வழங்கும் நாட்டிலேயே நிலைமை இதுவாயின், ஏனைய நாட்டினர் எத்துணை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இலங்கையில் இணைப்பட்டம் என்னும் பெயர் வழக்கில் இல்லை. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் வழியமைந்த மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவின் மேற்பார்வையில் நடைபெறும் தேசிய தொழிற்றகைமை முறையில் ஏழு மட்டங்கள் உள. முதல் நான்கும் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. ஆகவே இணைப்பட்டத்துக்கு அண்மித்தது ஐந்தாம் ஆறாம் மட்ட டிப்ளோமாவே எனலாம். 1995ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தொழிற்பயிற்சி அதிகார சபையும், அதே ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த உயர் தொழினுட்பக் கல்வி நிறுவனமும், 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் இரத்மலானையில் அமைந்து யுனிவொடெக் என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படும் பல்கலைக்கழகமும் இத்தகைய கல்விக்குரிய அரச வாயில்கள். இவற்றுட் கடைசியாகக் கூறியது திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்புத் தொழினுட்பத்திலும் கற்கைநெறி நடத்துவது. கொழும்பில் இலங்கைத் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் உளது. இவற்றுக்கு அப்பால், விளம்பரங்களில் மின்னும் தனியார் நிறுவனங்கள் பல.

இத்துறையிற் கற்பிக்கப்படுவது யாது? ஒலிவாங்கி, மிக்சர், அம்ப்ளிபயர், ஒலிபெருக்கி ஆகியவற்றின் இயல்பும் இணைப்பும்; கமரா, ஒளியமைப்பு, படத்தொகுப்பு; மாநாட்டு மண்டபங்களிலும் வகுப்பறைகளிலும் திரையையும் ஒலியையும் கணினி வலையமைப்போடு பொருத்துதல்; இவற்றுக்கு அடிப்படையான மின்னியல். இவற்றுட் பலவற்றை ஒரு சவுண்ட்ஸ்காரரிடம் எடுபிடியாக நின்றே கற்றுக்கொள்ளலாமே என்று வினவலாம். கற்கலாம், ஆனால் ஓர் எல்லை வரையே.

தோட்டத்துக் கோயில் திருவிழாவில், கோயிலிலிருந்து 200 மீற்றர் தொலைவிலுள்ள மேற்பிரிவு லயத்துக்கு ஒரு குழாய் ஒலிபெருக்கியைக் கட்ட வேண்டியுளது எனக் கொள்வோம். ஒரு சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்புக்கம்பி போகவும் வரவும் 400 மீற்றர் ஆகும்; அதன் தடை ஏறத்தாழ 7 ஓம். ஒலிபெருக்கியின் தடையோ 8 ஓம். எனவே அம்ப்ளிபயரிலிருந்து புறப்படும் வலுவிற் பாதிக்குச் சற்றுக் குறைவானது கம்பியைச் சூடாக்குவதிலேயே வீணாகின்றது. பழக்கத்தால் மட்டும் தொழில் கற்றவன் ஒலி போதவில்லை எனக் கண்டு இன்னும் பெரிய அம்ப்ளிபயர் ஒன்றை வாங்குவான். காரணம் அறிந்தவனோ ஒலிபெருக்கியில் ஒரு சிறு மின்மாற்றியைப் பொருத்தி, 100 வோற்று முறையில் ஒலியை அனுப்புவான். அம்முறையில் 20 வாற்று ஒலிபெருக்கி 500 ஓம் தடையாகத் தோன்றும். அதனெதிரே 7 ஓம் ஒரு பொருட்டன்று. பெரிய அம்ப்ளிபயரின் விலை மிச்சம். சித்திரை, ஐப்பசி மாதங்களில் மலைநாட்டில் இடியும் மின்னலும் மிகும் வேளையில் நிலத்தொடுப்பைச் சரியாகச் செய்யத் தெரிந்திருத்தல் பணத்தை மட்டுமன்றி உயிரையும் காப்பது. கல்வியின் வருவாயிற் கணிசமான பகுதி இவ்வாறு தவிர்க்கப்பட்ட நட்டமாகவே வருகின்றது. சம்பளப் பட்டியலில் அது தென்படுவதில்லை.

இனிச் செலவைப் பார்ப்போம். கல்வி கற்றவனைப் பெருஞ்செலவில் வாங்கிய யந்திரத்துக்கு ஒப்பிட்டவர் அடம் சிமித். 1776இல் வெளிவந்த அவரது பெருநூலில், அவ்யந்திரம் தேய்ந்து போகுமுன் தன் விலையையும் ஆதாயத்தையும் ஈட்டித் தரவேண்டும் என்னும் கருத்து விளக்கப்பட்டுள்ளது. நெடுங்காலத்தின் பின்னர் 1960இல் அமெரிக்கப் பொருளியற் சங்கத்தில் தியடோர் சுல்ற்ஸ் ஆற்றிய தலைமையுரையும், 1964இல் கரி பெக்கர் வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூலும் அக்கருத்தை ஒரு துறையாகவே வளர்த்தன. சுல்ற்ஸ் வற்புறுத்தியவற்றுள் ஒன்று திம்புள்ளக் குடும்பத்துக்கு மிகவும் இயைபுடையது. கல்வியின் செலவென்பது கட்டணமும் புத்தகமும் மட்டுமன்று. கற்கும் காலத்தில் மாணவன் ஈட்டாது விட்ட கூலியும் செலவே. அது எவருடைய கையிலிருந்தும் வெளியே போவதில்லை. ஆதலால் எவரும் அதை எண்ணுவதில்லை.

அக்கூலி எவ்வளவு? தோட்டத் தொழிலாளரின் ஆகக்குறைந்த நாட்கூலி 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் வர்த்தமானி மூலம் உயர்த்தப்பட்டது. 2025 நவம்பரிற் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், நாட்கூலி 1,550 ரூபாவும் அரசின் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவுமாக 1,750 ரூபா முன்மொழியப்பட்டது. பழைய 1,350 ரூபாவைக் கொண்டே பார்த்தாலும், மாதம் 25 பேர் விழுமாயின் 33,750 ரூபா ஆகும். ஆனால் 25 பேரும் எல்லா மாதமும் விழுவதில்லை. கொழுந்து குறைந்த காலத்தில் வேலை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர். தோட்டத்துக்கு வெளியே கடையிலோ களஞ்சியத்திலோ வேலைக்குப் போகும் இளைஞனுக்குத் தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் உண்டு. 2016இல் 10,000 ரூபாவாக விதிக்கப்பட்ட அச்சம்பளம், 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டு, 2026 சனவரி தொடக்கம் 30,000 ரூபாவாகும் என விதிக்கப்பட்டது. ஆகவே, கற்கும் மாணவன் மாதமொன்றுக்கு இழக்கும் கூலியை 30,000 ரூபாவாகக் கொள்ளுதல் மிகையாகாது.

பின்வரும் கணக்கில், இக்கூலி நீங்கலாக ஏனைய எண்கள் விளக்கத்தின்பொருட்டுக் கொள்ளப்பட்டவை. ஒவ்வொரு குடும்பமும் தன் எண்களை அவ்விடங்களில் இட்டுக்கொள்ளலாம். மாணவன் இரண்டாண்டு கொழும்பிற் தங்கிக் கற்கின்றான். விடுதிக்கும் உணவுக்கும், வீட்டிலிருந்தால் ஆகக்கூடிய செலவுக்கு மேலாக, மாதம் 18,000 ரூபா. இருபத்துநான்கு மாதத்துக்கு 432,000. மாதம் ஒருமுறை வீடு வந்து போக 2,000 ரூபா வீதம் 48,000. மடிக்கணினியும் சிறு கருவிகளும் 150,000. ஆக, கையிலிருந்து போகும் பணம் 630,000 ரூபா. இழந்த கூலி 720,000 ரூபா. மொத்தம் 1,350,000. கட்டணம் ஒரு சதமேனும் இல்லாத அரச நிறுவனத்திற் கற்பவனின் செலவு இது. அதிற் பாதிக்கு மேற்பட்டது இழந்த கூலியே. தனியார் நிறுவனம் இரண்டாண்டுக்கு 300,000 ரூபா கட்டணம் பெறுமாயின் மொத்தம் 1,650,000 ஆகும். கட்டணம் அதில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவு. "இலவசக் கல்வி" என்னும் சொல்லைக் கேட்டு மகிழ்வோரும், கட்டணத்தைக் கேட்டு மட்டும் அஞ்சுவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்.

வரவிலும் இதுபோன்ற பிழை ஒன்றுண்டு. டிப்ளோமா பெற்றவன் மாதம் 50,000 ரூபா பெறுகின்றான் எனில், அந்த 50,000 ரூபா முழுவதையும் டிப்ளோமாவின் வரவாகக் கொள்ளுதல் வழக்கம். டிப்ளோமா இன்றியும் அவன் ஏதோ ஒன்றை ஈட்டியே இருப்பான். இரண்டாண்டு வேலை செய்து பழகியவனுக்கு 35,000 ரூபா கிடைத்திருக்கலாம். ஆகவே கல்வியின் வரவு 15,000 ரூபா வித்தியாசம் மட்டுமே; ஆண்டுக்கு 180,000. செலவான 1,350,000 ரூபாவை அதனால் வகுத்தால் ஏழரை ஆண்டு. கட்டணமும் செலுத்தியவனுக்கு ஒன்பது ஆண்டும் இரண்டு மாதமும்.

வட்டியைச் சேர்த்தால் நிலைமை இன்னும் கடினமாகின்றது. நூற்றுக்கு 12 வீதம் வட்டி எனக் கொண்டால், கட்டணத்தோடு கூடிய 1,650,000 ரூபாவுக்கு ஆண்டு வட்டி 198,000 ரூபா. ஆண்டு வரவு 180,000 ரூபாவே. அதாவது வித்தியாசம் அந்த அளவிலேயே நிற்குமாயின் முதலும் தீராது, வட்டியும் தீராது. இதனால் இக்கல்வி வீண் என்று முடிவுகட்டுதலும் தவறு. வித்தியாசம் 15,000 என்பது 25,000 ஆகுமாயின், கட்டணமற்ற கல்வியின் செலவு வட்டி நீங்கலாக நாலரை ஆண்டில் மீள்கின்றது. சகலமும் அந்த வித்தியாசத்திலேயே தங்கியுள்ளது. அவ்வித்தியாசம் எங்கே பெரிது, எங்கே சிறிது என்பதை அறிதலே கணக்கின் உயிர்.

நாட்டில் ஒலிபரப்பு 1925 டிசெம்பர் 16ஆந் திகதி தொடங்கியது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும், யப்பானிய உதவியோடு ரூபவாகினி 1982இலும் வந்தன. இவற்றாலும் பின்னர் வந்த தனியார் அலைவரிசைகளாலும் நிரந்தரச் சம்பளமுடைய நுட்பவியலாளர் பதவிகள் தோன்றின. ஆனால் அவை எண்ணிக்கையிற் சிலவே. பெரும்பாலும் கொழும்பிலேயே உள்ளவை. இத்தகைய பதவிகளிலும், அரச நிறுவனங்களின் ஆட்சேர்ப்பிலும், பெரிய ஹோட்டல்களிலும், வளைகுடா நாட்டு நிறுவனங்களின் நேர்முகத் தேர்விலும் சான்றிதழ் ஒரு படலைத் திறவுகோல். ஆண்டாண்டாகத் தொழில் செய்தவனும் அது இன்றேல் வெளியே நிற்க நேரிடும். இங்கேதான் வித்தியாசம் பெரிது.

திம்புள்ளையிலேயே தங்கித் தொழில் நடத்துவோனின் நிலை வேறு. அவனிடம் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட வரும் கோயிற் பரிபாலன சபையோ, கலியாண வீட்டாரோ சான்றிதழைக் கேட்பதில்லை. சென்ற ஆண்டு யாருடைய திருவிழாவில் ஒலி நன்றாயிருந்தது என்றே கேட்பர். மேலும் இத்தொழிலின் வருவாய் மாதந்தோறும் சமமாக வருவதன்று. மாசி, பங்குனியிற் காமன் கூத்து. அதனையடுத்து மாரியம்மன் திருவிழாக்கள். தை, வைகாசி, ஆவணியில் முகூர்த்தங்கள். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் ஓயாது பெய்யும் வாரங்களிற் கருவிகள் வீட்டிலேயே கிடக்கும். சும்மா கிடப்பதோடு நில்லாது பழுதும் அடையும். மலைப்புகாரின் ஈரம் கமரா வில்லையிற் பூஞ்சணத்தை வளர்ப்பது, இணைப்பிகளிற் களிம்பேற்றுவது. ஒரு பெட்டியிற் சிறு மின்குமிழை எரியவிட்டு அதனுள் வில்லைகளை வைக்கும் எளிய வழக்கத்தை அறியாது பெருநட்டம் அடைந்தோர் உளர்.

இன்னுமொன்று. தோட்டத்துத் திருவிழாவின் பணம் எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும் தொழிலாளரின் சம்பளத்திற் கழிக்கப்படும் கோயிற் சந்தாவிலிருந்து. எனவே உள்ளூர்ச் சவுண்ட்ஸ்காரரின் வருமானத்துக்கு எல்லை வகுப்பது அவருடைய திறமை மட்டுமன்று, கொழுந்தின் நிறையுமாகும். தேயிலை தளர்ந்த ஆண்டில் திருவிழாவும் சுருங்கும். தோட்டக்கூலியிலிருந்து விடுபடும் பொருட்டு இத்தொழிலைக் கற்றவன், உள்ளூரிலேயே தொழில் செய்வானாயின், அதே கூலியின் நிழலிலேயே மீண்டும் நிற்கின்றான். இதனை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. அரசின் விதிகளும் வருவாயைத் தொடுகின்றன. 2007இல் உயர் நீதிமன்றம் அளித்த கட்டளை, சில விசேட சந்தர்ப்பங்கள் நீங்கலாக இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரம் வழங்குதலைக் கட்டுப்படுத்தியது. அயலவரின் உறக்கத்துக்கு அது நன்மையே. விடிய விடியக் கூத்து நடக்கும் இடத்தில் மணிக்கணக்கில் வாடகை பெறுவோனுக்கு அது குறைவே. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கொரோனாத் தொற்றின்போது திருவிழாவும் கலியாணமும் ஒருங்கே நின்றதும் மறக்கற்பாலதன்று.

தம் கருவிகளைக் கொண்டு தொழில் செய்வோர் பலர் பெறும் வாடகை முழுவதையும் கூலியாக எண்ணிக்கொள்கின்றனர். 600,000 ரூபாப் பெறுமதியான கருவிகள் ஐந்தாண்டு உழைக்கும் எனக் கொண்டால், மாதம் 10,000 ரூபா தேய்மானமாகக் கழிய வேண்டும். 2022இல் ஒரு டொலரின் விலை சில மாதங்களில் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு உயர்ந்தபோது, தேய்மானத்தைச் சேமித்து வைத்தவனுக்கும் புதிய கருவி எட்டாக்கனியாயிற்று. சேமிக்காதவனின் நிலையைக் கூற வேண்டியதில்லை. மாதம் 40,000 ரூபா கைக்கு வருகின்றது எனப் பெருமையோடு கூறும் ஒருவனின் உண்மைக் கூலி, இக்கழிவின்பின் 30,000 ரூபா. தோட்டத்தில் 25 பேர் செய்தவனுக்கு 33,750 ரூபாவோடு, தொழில்கொள்வோர் செலுத்தும் சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கை நிதி 3 வீதமுமாக ஏறத்தாழ 5,060 ரூபா சேர்கின்றது. சொந்தத் தொழிலாளிக்கு அது இல்லை. இவ்வொப்பீடு தோட்ட வேலையைப் புகழ்வதற்கன்று. பிரட்டுக்களத்தில் நிற்க விரும்பாத இளைஞனின் மனத்தை எண்களால் மாற்ற இயலாது, மாற்றவும் வேண்டியதில்லை. எனினும் கணக்கு கணக்கே.

இனி மொழி. திம்புள்ள மாணவனின் செலவுப் பட்டியலில் எவரும் எழுதாத செலவு இது. கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நடைபெறும் தொழினுட்பக் கற்கைகளுட் பல சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடைபெறுவன. தமிழ்மொழி மூலம் பதின்மூன்று ஆண்டு கற்றவன், மின்னோட்டம் பற்றிய விளக்கத்தை முதன்முறையாக வேறொரு மொழியிற் கேட்கும்போது, பாடத்தோடு மொழியையும் சேர்த்தே கற்க வேண்டியவனாகின்றான். அறிவிற் குறைவின்றியும் முதலாண்டின் இறுதியிலே திரும்பி விடுவோர் உண்டு. அங்ஙனம் திரும்புவோனின் கணக்கிற் செலவு பாதி, வரவு ஒன்றுமில்லை. மக்கள் தத்தம் நல்லூழைப் பெரிதாகவும் தோல்வியின் வாய்ப்பைச் சிறிதாகவும் மதிப்பது இயல்பென அடம் சிமித் கூறியதும், கைத்தொழில் பழகப் புகுந்தவன் அதைக் கற்றே தீருவான், சட்டம் பயிலப் புகுந்தவரிற் சிலரே அதனாற் பிழைப்பர் என்று அவர் ஒப்பிட்டதும் இங்கு நினைக்கத் தக்கன. ஆறு மாதம் முன்னரே சிங்களமும் ஆங்கிலமும் பழகிச் செல்பவன் செலவிடும் அச்சிறு தொகை, முழுச் செலவையும் காக்கும் காப்புறுதி போன்றது. தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977இல்தான் என்பதை நினைப்போர், இக்குறையை மாணவன்மீது மட்டும் சுமத்தார்.

மாணவிக்கு இக்கணக்கு மேலும் ஒரு படி கடினமாகின்றது. பாதுகாப்பான விடுதிக்கு வாடகை கூடுதல். இரவுநேர நிகழ்ச்சிகளில் ஒலியமைப்புப் பணி பெண்ணுக்குப் பொருந்தாது என்னும் எண்ணம் உறவினரிடத்தில் வலிது. ஆயினும் படத்தொகுப்பு, ஒலித்தொகுப்பு, பாடநெறி ஒளிப்பதிவு போன்றவை அறையிலிருந்தவாறே செய்யத்தக்கவை. மழைக்காலமும் அவற்றைத் தடுப்பதில்லை. தொழிலின் எந்தக் கூறைக் கற்பது என்பதைச் சேருமுன்னரே தீர்மானித்தல், மாணவனை விட மாணவிக்கு இன்றியமையாதது.

கொழும்பு செல்லாது வேறு வழி உண்டா? உண்டு. அற்றனிலோ தலவாக்கலையிலோ தொழில் நடத்தும் ஒருவரிடம் இரண்டாண்டு பணிபுரிந்து பழகி, பின்னர் தேசிய தொழிற்றகைமை முறையில் முன்கற்றலை அங்கீகரிக்கும் மதிப்பீட்டுக்குத் தோற்றுதல். திறமைத் தரம் வகுக்கப்பட்ட தொழில்களில், வகுப்பறைக்குச் செல்லாதவனும் செய்துகாட்டிச் சான்றிதழ் பெற இம்முறை இடமளிக்கின்றது. பலர் இதனை அறியார். மேற்கூறிய எண்களின் வழியே இதனையும் நிறுத்துப் பார்க்கலாம். பழகும் காலத்தில் மாதம் 15,000 ரூபா கிடைக்குமாயின் இழந்த கூலி 360,000, கருவிகளுக்கு 150,000, விடுதிச் செலவில்லை. மொத்தம் 510,000. வித்தியாசம் டிப்ளோமாவினாற் கிடைப்பதிற் பாதியாகிய 7,500 ரூபாவே எனக் கொண்டாலும், ஆண்டுக்கு 90,000 வீதம் ஐந்து ஆண்டும் எட்டு மாதமுமாகச் செலவு மீள்கின்றது. ஏழரை ஆண்டினும் இது குறைவு. ஆனால் இருபதாண்டு தொழில் செய்தால், டிப்ளோமாக்காரனுக்குச் செலவு நீக்கி மிஞ்சுவது 2,250,000 ரூபா, மற்றவனுக்கு 1,290,000. ஆகவே, நெடுங்காலம் தொழிலில் நிற்கவும் அதுவரை காத்திருக்கவும் இயன்ற குடும்பத்துக்கு டிப்ளோமா மேல். காத்திருக்க இயலாத குடும்பத்துக்கு உள்ளூர்ப் பயிற்சியே மேல். முதலிற் பழகி நான்காம் மட்டச் சான்றிதழ் பெற்று, கையிற் சிறிது பணமும் காதிற் சிறிது சிங்களமும் சேர்ந்தபின் ஐந்தாம் மட்டத்துக்குச் செல்லும் இடைவழி இவ்விரண்டினும் பாதுகாப்பானது எனத் தோன்றுகின்றது. அவ்வழியிற் சென்றவன் வகுப்பறையில் 100 வோற்று முறையைக் கேட்கும்போது, தான் கட்டி இழுத்த கம்பிகளையெல்லாம் நினைத்துக்கொள்வான். கற்றது உடனே பற்றிக்கொள்ளும்.

காத்திருத்தல் என்பது லயத்துக் குடும்பத்துக்கு வெறும் பொறுமை அன்று. குடியிருக்கும் காம்பிரா தோட்ட வேலையோடு பிணைந்தது. குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டத்திற் பேர் பதிந்திருத்தல் வேண்டும் என்னும் அச்சம் இன்னும் நீங்கியதன்று. தந்தை ஓய்வுபெறும் ஆண்டும் மகனின் கற்கைக் காலமும் ஒன்றோடொன்று மோதுமாயின், எவ்வளவு சிறந்த கணக்கும் பயன்படாது. ஆதலால் எந்த ஆண்டிற் சேர்வது என்பது, எந்த நிறுவனத்திற் சேர்வது என்பதைப் போன்றே முக்கியமானது.

தனியார் நிறுவனத்தை நாடுவோர் கையொப்பமிடுமுன் அறிய வேண்டியவை சில. நிறுவனம் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதிவு செய்யப்பட்டதா. நிறுவனம் மட்டுமன்றி அக்கற்கைநெறியும் தரமதிப்புப் பெற்றதா. சான்றிதழ் எந்த மட்டத்துக்குரியது. வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவனின் கையில் மிக்சரும் கமராவும் இருக்கும். இடையில் விலகினால் கட்டணம் மீளுமா. இறுதியாகத் தவணை நாள். தோட்டக் குடும்பங்களிற் பெருந்தொகையாகப் பணம் கைக்கு வரும் சந்தர்ப்பம் தீபாவளி முற்பணம். அதைக் கொண்டு முதற் தவணையைச் செலுத்தும் வீட்டில், அம்முற்பணத்தின் கழிவு சம்பளத்தில் தொடங்கும் மாதங்களிலேயே இரண்டாம் தவணையும் வந்து நிற்கும். சேரும் நாளிலேயே இதனை எடுத்துக்கூறி, இரண்டாம் தவணையைச் சித்திரைக்குப் பின்னாக எழுத்தில் மாற்றிப் பெற்றுக்கொள்ளலாம்.